திங்க்பேட் டி470 + லினக்ஸ் மின்ட்: காலாவதி என்று ஒதுக்கிய மடிக்கணினியை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த பிறகு

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விவரத்துக்கு வருகிறேன். 2017இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி470, 16 ஜிபி ராம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 256 ஜிபி எஸ்எஸ்டி, அதன்மேல் விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற மெலிதான பதிப்பு. சிங்கப்பூரில் கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் வாங்கினேன், 300 வெள்ளிக்குள் முடிந்தது. எழுத, படிக்க, வகுப்பு எடுக்க, அச்சடிக்க, வங்கிக் கணக்கைப் பார்க்க ஒரு கணினி வேண்டும் என்று யார் கேட்டாலும் இதைத் தயங்காமல் சொல்வேன். வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் புது விளையாட்டு ஆடுகிறவர்களுக்கும் இது சரிவராது. அவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்கியது அக்காவுக்காக. அவர் ஈசூனில் வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுக்கிறார், பெரும்பாலும் தொடக்கநிலைப் பிள்ளைகள். பயிற்சித்தாள் தயாரிப்பார், கட்டுரை திருத்துவார், சிலருக்கு ஸூமில் வகுப்பு, பெற்றோரோடு வாட்ஸ்அப், மாதக் கடைசியில் கட்டணக் கணக்கு. அவருடைய பழைய மடிக்கணினியில் 4 ஜிபி ராம், அதுவும் போர்டோடு ஒட்டியது, கூட்டவே முடியாது. பிரவுசரையும் பயிற்சித்தாளையும் ஒரே நேரத்தில் திறந்தால் எழுத்து அடித்துச் சற்று நேரம் கழித்துத்தான் திரையில் வரும். "நான் என்னடா பெருசா பண்றேன், தமிழ்ல ரெண்டு பக்கம் அடிக்கிறேன், அதுக்கு ஏன் இதுக்கு இப்படி மூச்சு வாங்குது?" என்று கேட்டார். மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் நான். இந்தக் கேள்விக்கு "பழசாகிவிட்டது அக்கா, புதுசு வாங்கு" என்று பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அது உண்மையான பதில் இல்லை. பிராசஸர் பழசானால் மெதுவாகாது. வாங்கிய அன்று ஒரு நொடியில் எத்தனை கணக்குப் போட்டதோ, தூசியும் சூடும் தடுக்காதவரை இன்றும் அத்தனை போடும். மாறியது அதன்மேல் நாங்கள் ஏற்றி வைத்த சுமை.

டி470 ஏன் இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதிலும் இதே கதைதான். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளும் இன்டெல் பிராசஸர்களின் பட்டியல் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது, ஏழாம் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மட்டும் விதிவிலக்காக உள்ளே வந்தன. டி470இல் இருக்கும் ஐ5-7200யூ என்ற ஏழாம் தலைமுறை பிராசஸர் அந்தக் கோட்டுக்கு ஒரே ஒரு தலைமுறை வெளியே நிற்கிறது. அடுத்த ஆண்டு வந்த டி480 உள்ளே. இந்த ஒரு வரியால்தான் இரண்டுக்கும் கடையில் விலை வித்தியாசம். பொதுமக்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு நீட்டிப்பு தருகிறார்கள், உண்மைதான், ஆனால் ஆயிரக்கணக்கில் கணினி வைத்திருக்கும் அலுவலகங்கள் அதற்குக் காத்திருக்காமல் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அப்படிக் கழித்தவைதான் சிம் லிம் கடைகளின் அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் கறுப்புத் திங்க்பேட்கள்.

கனலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 கடைசியில் போட்ட மதிப்பீட்டில், இந்த ஒரு மாற்றத்தால் உலகம் முழுவதும் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்றது. சிங்கப்பூரில் மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்று தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. 2021 ஜூலையிலிருந்து தயாரிப்பாளர்கள்தான் அதைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு, பெரிய மின்பொருள் கடைகள் பழையதைப் பெற்றுக்கொள்ள வேண்டும், அக்கம்பக்கத்தில் சேகரிப்புத் தொட்டிகளும் வந்துவிட்டன. நல்ல ஏற்பாடு, நானும் பழைய பேட்டரிகளை அங்கேதான் போடுகிறேன். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி, ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அந்தத் தொட்டிக்குள் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். 14 அங்குலத் திரை, எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். கீபோர்டு அருமை, இதை எவ்வளவு சொன்னாலும் தகும். ஒவ்வொரு விசையும் ஆழமாக இறங்கி ஏறுகிறது, நாள் முழுக்கத் தமிழ் அடிக்கிற அக்காவின் விரல்களுக்கு இது பெரிய விஷயம். உள்ளே ராமுக்கு இரண்டு இடம் இருக்கிறது, இரண்டுமே கழற்றி மாட்டக்கூடியவை. அடிமூடியின் திருகுகள் மூடியோடேயே நிற்கும், கீழே விழுந்து தொலையாது. பேட்டரி இரண்டு: ஒன்று உள்ளே, ஒன்று பின்பக்கம் வெளியே. வெளியே இருப்பதைக் கணினி ஓடும்போதே கழற்றி வேறொன்று போடலாம், உள்ளே இருப்பது அதுவரை தாங்கும். இணைய வயர் குத்த இடம், எச்டிஎம்ஐ, எஸ்டி கார்டு, மூன்று சாதாரண யூஎஸ்பி, ஒரு யூஎஸ்பி-சி. எந்த டாங்கிளும், அதாவது தனி இணைப்பானும், வாங்க வேண்டியதில்லை. 1,500 வெள்ளிக்கு விற்கும் புது மடிக்கணினிகள் பலவற்றில் ராம் போர்டோடு ஒட்டியே வருகிறது. எத்தனை ஜிபியோ, வாங்கிய அன்றைய அளவுதான் அதன் ஆயுள் முழுவதும். ஆண்டுக்கு ஆண்டு மென்பொருள் கனத்துக்கொண்டே போகும் காலத்தில் இப்படி ஒட்டி விற்பது எனக்குச் சரியாகவே படவில்லை.

கடையைப் பற்றி இரண்டு வார்த்தை. ரோச்சோர் எம்ஆர்டிக்குப் பக்கத்திலேயே சிம் லிம், தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடும் வரை பழைய மின்சாமான் தேடுகிறவர்கள் அங்கேயும் ஒரு சுற்று சுற்றுவார்கள், இப்போது அந்த வழக்கமெல்லாம் போய்விட்டது. நான் வாங்கிய கடையின் அங்கிள் கேட்டதும் அடிமூடியைத் திறந்து ராமைக் காட்டினார், 8 ஜிபியாக இருந்ததை என் கண்ணெதிரே 16 ஆக்கினார், ரசீதில் ஒரு மாத உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார். லினக்ஸ் போடப் போகிறேன் என்றதும், சமீபமாக நிறையப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்றார். விலை பேச அதிகம் இடம் இல்லை, அதற்கு அவசியமும் இல்லை.

இனி மின்ட். இது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டது. 22ஆம் பதிப்பு 2024 ஜூலையில் வந்தது, 2029 வரை ஆதரவு உண்டு. அவர்களே சொல்லும் குறைந்தபட்சத் தேவை 2 ஜிபி ராம், வசதியாக ஓட 4. இந்த டி470இல் ஏற்றி, திரை முழுதாக வந்து நின்றதும் பார்த்தால் நினைவகத்தில் 1 ஜிபிகூடப் போகவில்லை. மீதி 15 ஜிபியும் அக்காவின் வேலைக்கு. பொத்தானை அழுத்தி, கடவுச்சொல் போட்டு, எழுதத் தயாராகும் வரை ஆகும் நேரத்தை அவர் முதல் நாள் நம்பவே இல்லை, "அவ்வளவுதானா?" என்று இரண்டு தடவை கேட்டார். மெனுவைத் திறந்தால் நிறுவிய மென்பொருள்கள் மட்டும் இருக்கின்றன. விளம்பரம் இல்லை, செய்தித் தலைப்பு இல்லை, கேட்காமலே வந்து உட்கார்ந்த விளையாட்டு இல்லை, முந்தாநாள் வரை இல்லாத செயற்கை நுண்ணறிவுப் பொத்தான் இல்லை. புதுப்பிப்பு வந்தால் மூலையில் ஒரு சின்ன அடையாளம் தோன்றும், எப்போது போடுவது என்பது நம் விருப்பம். ஸூமில் பிள்ளைகள் காத்திருக்கும்போது கணினி தானாக அணைந்து எழுந்த அனுபவம் அவருக்கு முன்பு உண்டு, அதனால் இந்த ஒன்றுக்காகவே அவர் மின்ட்டை விடமாட்டார். டைம்ஷிஃப்ட் என்ற கருவியும் கூடவே வருகிறது. புதுப்பிப்பில் ஏதாவது கோளாறானால் நேற்றிருந்த நிலைக்குத் திரும்பிவிடலாம்.

இந்தச் சுமை எங்கிருந்து வருகிறது என்று தொழில் தெரிந்தவனாகக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் "கணினி பழசு" என்ற பேச்சில் இதுதான் மறைந்துபோகிறது. விண்டோஸ் 95க்குக் குறைந்தபட்சம் 4 எம்பி ராம் போதும் என்றார்கள். 2001இல் வந்த எக்ஸ்பிக்கு 64 எம்பி. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி, அதாவது முதலில் சொன்னதைப்போல் ஆயிரம் மடங்கு. இந்த முப்பது ஆண்டில் ஒரு பயிற்சித்தாளில் என்ன மாறியது? அதே ஏ4 தாள், அதே கோடிட்ட இடம், அதே பத்துக் கேள்வி. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995லேயே இதைச் சொல்லிவிட்டார்: வன்பொருள் வேகமாகிற வேகத்தைவிட மென்பொருள் மெதுவாகிற வேகம் அதிகம். தன்னுடைய கண்டுபிடிப்பு இல்லை, மார்ட்டின் ரைசர் சொன்னது என்று அவரே பெயரும் சொன்னார். இன்றைக்கு இதை விர்த் விதி என்றுதான் சொல்கிறோம். அவர் 2024 ஜனவரி 1ஆம் தேதி காலமானார். அன்றைக்கு அவர் குறைபட்டுக்கொண்ட மென்பொருள்களை இன்றைய ஒரு அரட்டைச் செயலியோடு வைத்துப் பார்த்தால் அவையெல்லாம் மெலிந்தவை.

அரட்டைச் செயலி என்றதால் எலக்ட்ரானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப், நிரல் எழுதும் தன் எடிட்டருக்காக 2013இல் தொடங்கிய கட்டமைப்பு இது. இணையப் பக்கம் எழுதத் தெரிந்தவர்கள் அதே அறிவை வைத்துக்கொண்டு மேசைக்கணினிச் செயலியும் எழுதலாம், ஒருமுறை எழுதினால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நல்ல நோக்கம்தான், லினக்ஸுக்குச் சில செயலிகள் வந்ததே இதனால்தான் என்பதையும் நான் மறக்கவில்லை. ஆனால் இதில் எழுதிய ஒவ்வொரு செயலியும் தனக்கென்று குரோமுக்கு அடித்தளமான குரோமியம் பிரவுசர் ஒன்றை முழுதாகவும், பிரவுசருக்கு வெளியே ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட் ஜேஎஸ் இயந்திரம் ஒன்றையும் தன்னோடு கொண்டுவருகிறது. ஒரு கோப்பை கோப்பி குடிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு கோப்பிக்கடையைக் கூடவே தூக்கி வந்து மேசையில் வைத்தால் எப்படி இருக்கும்? அரட்டைக்கு ஒன்று, குறிப்பெடுக்க ஒன்று, கடவுச்சொல் சேமிக்க ஒன்று என்று மூன்று செயலி திறந்தாலே மூன்று பிரவுசர் பின்னால் ஓடுகிறது, நான்காவதாக உண்மையான பிரவுசர். 4 ஜிபி ராம் எங்கே போனது என்று அக்கா கேட்டதற்கு இது பாதி பதில்.

மீதிப் பதில் நாங்கள் வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. எங்கள் தொழிலில் யாரும் எதையும் முதலிலிருந்து எழுதுவதில்லை, பிறர் எழுதி வைத்த துண்டுகளை எடுத்துக் கோக்கிறோம், அந்தத் துண்டு வேறு பத்துத் துண்டுகளை இழுத்து வரும், அவை ஒவ்வொன்றும் இன்னும் பலவற்றை. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற ஒரு துண்டை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். மொத்தமே 11 வரி, ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி நிரப்புவது மட்டும்தான் அதன் வேலை. அது காணாமல் போனதும் உலகம் முழுக்க ஏராளமான மென்பொருள்கள் கட்டும் கட்டத்திலேயே நின்றுபோயின. தங்கள் மென்பொருளுக்குள் அப்படி ஒன்று இருப்பதே அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

இன்னொரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் என்ற விளையாட்டு, திறந்தால் ஏற்றி முடிக்கப் பல நிமிடம் ஆகும், ஆண்டுக்கணக்கில் ஆடுகிறவர்கள் தங்கள் கணினி போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2021இல் ஒரு ரசிகர் மூல நிரல் கையில் இல்லாமலே உள்ளே என்ன நடக்கிறது என்று தோண்டிப் பார்த்தார். 10 எம்பி அளவுள்ள ஒரு பட்டியல் கோப்பு, அதில் சுமார் 63,000 பொருள்கள். ஒவ்வொரு பொருளைப் படிக்கும்போதும் நிரல் மீதிக் கோப்பு எவ்வளவு நீளம் என்று கடைசிவரை எண்ணியது, அப்புறம் ஒவ்வொன்றும் ஏற்கெனவே வந்ததா என்று முழுப் பட்டியலையும் தேடியது. இரண்டையும் அவர் திருத்தியதும் அவருடைய கணினியில் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. நிறுவனமும் ஏற்றுக்கொண்டு சரிசெய்தது, அவருக்கு 10,000 அமெரிக்க டாலர் கொடுத்தது. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்த விளையாட்டுக்காக எத்தனை பேர் புது பிராசஸர் வாங்கியிருப்பார்கள்!

எங்கள் அலுவலகம் சாங்கி பிஸினஸ் பார்க்கில். எல்லார் மேசையிலும் 32 ஜிபி ராம் இருக்கும் இயந்திரம், அதில் எது எழுதினாலும் வேகமாகத்தான் ஓடும், அதனால் வெளியே 4 ஜிபியோடு ஒருவர் காத்திருப்பது எங்கள் கண்ணில் படுவதே இல்லை. அக்காவின் கணினியைப் பார்த்த பிறகு மேலாளரிடம் கேட்டு ஒரு டி470ஐ எங்கள் குழுவுக்கும் வாங்கி, அதில் 8 ஜிபி மட்டும் வைத்து, புதுப் பக்கம் எதுவும் வாடிக்கையாளர்களுக்குப் போகும் முன் அதில் ஓட்டிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். அதில் முதலில் அகப்பட்டது, தேதியை அழகாகக் காட்டுவதற்காக யாரோ எப்போதோ சேர்த்த ஒரு பெரிய நூலகம், அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு. இன்றைய பிரவுசர்களில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது, தமிழில்கூடத் தேதியை எழுதிக் காட்டும். நூலகத்தை எடுத்தோம், பக்கம் அந்த டி470இல் திறக்கும் வேகத்தைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. உங்கள் குழுவிலும் இப்படி ஒரு இயந்திரத்தை வைத்துப் பாருங்கள். பெரிய கூட்டம், அறிக்கை எதுவும் தேவையில்லை.

எல்லாச் சுமையும் வீண் என்று நான் சொல்லவில்லை. 2018இல் பிராசஸர்களில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்த பிறகு குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனிச் செயல்முறையில் பிரித்து ஓட்டத் தொடங்கியது, அதற்கு நினைவகம் 10 முதல் 13 விழுக்காடு கூடும் என்று அவர்களே சொன்னார்கள். வங்கிப் பக்கத்தை இன்னொரு பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகக் கொடுக்கும் விலை அது, மனதாரக் கொடுப்பேன். அதே மாதிரி யூனிகோடு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறிமுறை. அதற்கு முந்தைய டிஸ்கி என்ற தமிழ்க் குறிமுறையின் காலத்தில் ஒரு தமிழ்க் குறிக்கு ஒரு பைட் போதும், இன்று இணையத்தில் யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். மூன்று மடங்கு இடம்தான், ஆனால் இன்றைக்கு ஈசூனில் அடித்தது மதுரையில் எந்தப் ஃபான்ட்டும் கேட்காமல் அப்படியே திறக்கிறது. இப்படிப் பயன் தரும் எடையைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. இன்று ஒரு சராசரி இணையப் பக்கம் 2 எம்பியைத் தாண்டுகிறது, பழைய ஃப்ளாப்பி ஒன்றில் அடங்காது. நான் இங்கே எழுதியிருக்கும் இவ்வளவையும், மூன்று மூன்று பைட்டாகவே வைத்து, வெறும் எழுத்தாகச் சேமித்தால் 100 கேபிகூட வராது. மீதியெல்லாம் என்ன என்றுதான் கேட்கிறேன்.

தமிழ் என்று வந்துவிட்டதால், இந்தக் கணினியில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த பகுதி இதுதான். மின்ட்டில் பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ் என்ற கருவியும் அதன் எம்17என் பொதியும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கிறது. இது 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தரம். இதன் அழகு அதன் விதிகளில் இருக்கிறது: ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலாவதற்குத் தானாகவே புள்ளி வரும், மெல்லினத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வந்தாலும் அப்படியே. "அம்மா", "தங்கம்", "பந்து" எல்லாம் புள்ளி விசையை நடுவில் தேடாமலே விழும். மொழியின் இயல்பைப் பார்த்து, எழுதுகிறவரின் விரலுக்கு வேலையைக் குறைக்க யோசித்திருக்கிறார்கள். எம்17என்னில் இதெல்லாம் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு, திறந்து படித்தால் விதிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். இணையம் தேவையில்லை, கணக்குத் திறக்கச் சொல்லாது, நாம் அடிப்பதை எங்கும் அனுப்பாது.

இந்த வரலாற்றில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பதை இங்குள்ள இளையர் பலர் அறியாமல் இருப்பது எனக்கு வருத்தம். எழுத்தாளர் நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் எழுத்து முறையை உருவாக்கியவர், தமிழை இணையத்தில் முதன்முதலில் ஏற்றியவர்களில் ஒருவர். 1997இல் முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில்தான் நடந்தது, அதன் முன்னோடியும் அவரே. 1999இல் அவர் மறைந்தார். 2000இல் மீண்டும் இங்கே நடந்த மாநாட்டில்தான் உத்தமம் (உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம்) அமைப்பு உருவானது. அந்தக் காலத்துக் கணினிகளில் இருந்த ராமை மெகாபைட்டில்தான் எண்ண வேண்டும், அதற்குள்ளேயே ஒரு மொழியின் எழுத்துகளைத் திரையிலும் இணையத்திலும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இடம் குறைவு என்று அவர்கள் வேலையை நிறுத்தவில்லை, இடத்தை அளந்து பயன்படுத்தினார்கள். இதை நினைக்கும்போது இன்றைய எங்கள் வேலையில் எனக்குக் கோபம்கூட வருகிறது.

குறைகளுக்கு வருகிறேன், இருக்கின்றன. அக்காவின் பழைய பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் வேர்டில் லதா எழுத்துருவில் அடித்தவை. லதா மைக்ரோசாஃப்ட்டின் எழுத்துரு, மின்ட்டில் கிடையாது. வேர்டுக்குப் பதிலாக மின்ட்டில் இருக்கும் லிப்ரே ஆபிஸில் திறந்ததும் அந்த இடத்தில் வேறு தமிழ் எழுத்துரு வந்து உட்கார்ந்துகொள்கிறது, எழுத்தின் அகலம் மாறுவதால் வரி நகர்ந்து, ஒரு பக்கத்தில் முடிய வேண்டிய தாள் இரண்டாம் பக்கத்துக்கு வழிகிறது. எல்லாவற்றையும் நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாற்றி, இடைவெளியைச் சரிசெய்து, அச்சுக்கு பிடிஎஃப் ஆக்கிவிடுகிறோம். ஒரு தடவை செய்துவிட்டால் தீர்ந்தது, ஆனால் நிறையத் தாள் வைத்திருக்கும் ஆசிரியருக்கு இது சில வார இறுதிகளை எடுக்கும் வேலை. யூனிகோடுக்கு முந்தைய கோப்புகளோ வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கின்றன, அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அது எந்தக் கணினியிலும் உள்ள பிரச்சினை.

கைரேகைப் பட்டை லினக்ஸில் நேரடியாக வேலை செய்யாது, ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் ஒன்று உண்டு, நான் போடவில்லை, கடவுச்சொல்லே போதும் என்றார் அக்கா. கேமரா 720பி, மாலை வெளிச்சத்தில் முகம் மங்கலாகத் தெரிகிறது, வகுப்பு நிறைய எடுக்கிறவர்கள் தனியாக ஒரு யூஎஸ்பி கேமரா வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்புக்கு லினக்ஸில் தனிச் செயலி இல்லை, பிரவுசரில்தான்.

பிரவுசர்தான் உண்மையான வரம்பும். மின்ட் எவ்வளவு மெலிதாக இருந்தாலும் இணையப் பக்கங்களின் எடையை அதனால் குறைக்க முடியாது, இருபது பக்கம் திறந்தால் இங்கேயும் ஜிபி ஜிபியாகத்தான் போகும். 8 ஜிபிக்குப் பதில் 16 போட்டதற்கு ஒரே காரணம் அதுதான். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைப் போட்டுக் கொடுத்தேன். குரோம் தன் விதிகளை மாற்றி அந்த நீட்சியை வெளியேற்றிவிட்டது, ஃபயர்பாக்ஸில் இன்னும் முழு வலிமையோடு இருக்கிறது. விளம்பரமும் கண்காணிப்பு நிரல்களும் வராததால் தமிழ்ச் செய்தித் தளங்கள் சட்டென்று திறக்கின்றன. சில செய்தித் தளங்களில் செய்தியைவிட மற்றவைதான் அதிகம் இறங்குகின்றன என்பது அதைப் போட்டபோதுதான் அக்காவுக்குப் புரிந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு: திரை 1920க்கு 1080தானா என்று கேட்டு, கண்ணால் பார்த்து வாங்குங்கள். 1366க்கு 768 திரையோடும் டி470 வந்தது, பக்கவாட்டில் இருந்து பார்த்தால் வெளிறிப்போகும், தமிழ் எழுத்தின் சின்ன வளைவுகள் அதில் நசுங்கித் தெரியும். டி470எஸ் என்ற மெலிந்த மாதிரியும் பக்கத்திலேயே இருக்கும், அதில் பாதி ராம் ஒட்டியது, வெளிப் பேட்டரியும் கிடையாது. பேட்டரி இரண்டின் நிலையையும் கேளுங்கள். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் கட்டளை இருக்கிறது, புதிதாக இருந்தபோதைய கொள்ளளவும் இப்போதைய கொள்ளளவும் அதில் வரும், பாதிக்குக் கீழே இருந்தால் வேறு பேட்டரி போட்டுத் தரச் சொல்லலாம். கடைசியாக, காசு கொடுக்கும் முன் கணினியை அணைத்துப் போட்டு, எழும்போது எஃப்1 விசையைத் தட்டி பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போங்கள். மேற்பார்வையாளர் கடவுச்சொல் கேட்டால் முந்தைய அலுவலகம் பூட்டியதை யாரும் எடுக்கவில்லை என்று பொருள். அதை நீக்குவது எளிதில்லை, அந்த இயந்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு அடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.